கண்ணாடிக் குடுவைகளுக்கு நாம் பட்ட கடன்

மதுரையிலிருந்து தேனிக்கு வரும் சாலையில் ஆண்டிபட்டியைக் கடந்ததும் க.விலக்கு வருகிறது. அங்கே 2004-ஆம் ஆண்டு தோன்றிய அரசு மருத்துவக் கல்லூரியை, கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் பெரும்பாலும் 'பெரியாஸ்பத்திரி' என்றே அறிவர். ஆயினும் எந்த மருத்துவக் கல்லூரியிலும் நோயாளிகள் காணாத ஓர் அறை உண்டு. அதுவே உடற்கூறியல் அருங்காட்சியகம். அவ்வறையின் வரலாற்றை இவ்விதழில் எடுத்துரைக்க விழைகிறோம்.

நெடுக்காகப் பிளந்த இதயம், புகையால் கறுத்த நுரையீரல், மாதவாரியாக வளர்ந்த கருக்கள், கம்பியால் கோத்த எலும்புக்கூடு ஆகியன அங்கே எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கும். தங்கள் மார்பில் குழாயை வைத்துக் கேட்கும் மருத்துவர், இதயத்தின் கதவுகளை முதன்முதலாகக் கண்டது இத்தகைய குடுவை ஒன்றில்தான். முற்காலத்தில் உறுப்புகளைச் சாராயத்தில் ஊறவைத்துக் காத்தனர். 1893-இல் ஜெர்மானிய மருத்துவர் பெர்டினாண்ட் பிளூம், பார்மலின் திசுக்களை நன்கு பதப்படுத்தும் எனக் கண்டறிந்தார். அதன்பின் இத்தகைய சேகரிப்புகள் உலகெங்கும் எளிதாயின.

குடுவைகள் கிடைத்தன, ஆனால் உடல்கள் எங்கிருந்து வந்தன? இவ்வரலாற்றின் வேதனையான பகுதி அதுவே.

இலண்டனில் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் பெரும் சேகரிப்பு ஒன்றை உருவாக்கினார். அதில் சார்லஸ் பைர்ன் என்னும் ஏழரை அடி உயர அயர்லாந்துக்காரரின் எலும்புக்கூடும் இருந்தது. தம் உடல் அறுக்கப்படலாம் என அஞ்சி, தம்மைக் கடலில் அடக்கம் செய்யுமாறு வேண்டியிருந்தார் அவர். 1783-இல் அவர் இறந்தபின் ஹண்டர் பணம் கொடுத்து உடலைக் கைப்பற்றினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காட்சியில் நின்ற அவ்வெலும்புக்கூடு, 2023-இல் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோதுதான் பார்வையாளர் கண்ணிலிருந்து அகற்றப்பட்டது.

நம் நாட்டிலோ பிணத்தைத் தொடுவதே தீட்டு எனக் கருதப்பட்டது. உடற்கூறு பயில விரும்பிய தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, மெய்யான எலும்பை வைத்திருக்க இயலாமையால் தந்தத்தாலான எலும்புக்கூட்டை நாடினார். 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டிதர் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்து அத்தடையைக் கடந்தார். சென்னையில் 1835-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1850-இல் கல்லூரியாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே எழுந்த செந்நிற உடற்கூறியல் கட்டடத்தை மாணவர்கள் 'செங்கோட்டை' என்றே அழைத்து வந்தனர்.

அங்கும் பிற கல்லூரிகளிலும் மேசைமேல் கிடந்தோர் பெரும்பாலும் உரிமை கோர ஆளில்லாத ஏழைகள். 1951-ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம் அதற்கு ஒழுங்கு வகுத்தது. எனினும் இறந்தவரிடம் எவரும் ஒப்புதல் கேட்டதில்லை. எலும்புகளோ வணிகப் பொருளாயின. 1985-இல் தடை வரும்வரை உலகின் மருத்துவப் பள்ளிகளுக்கு எலும்புக்கூடுகளைப் பெருமளவில் அனுப்பிய நாடு இந்தியாவே.

இன்று அந்நிலை மாறி வருகிறது. தாமே முன்வந்து உடலை அளிப்போர் உளர். மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதி பாசுவின் உடல் 2010-இலும், சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரியின் உடல் 2024-இலும் மருத்துவக் கல்விக்கு அளிக்கப்பட்டன. பறிக்கப்பட்ட உடல்களால் தொடங்கிய கல்வி, கொடுக்கப்பட்ட உடல்களால் தொடர்வதே அறம் எனக் கருதுகிறோம்.

இதுபற்றி எங்களிடம் வினவும் குடும்பத்தினருக்குச் சில செய்திகளைக் கூற விரும்புகிறோம். உடல் தானம் வேறு. உறுப்பு தானம் வேறு. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள் பிறர் உயிரைக் காக்கும். முழு உடல் மாணவர்க்குப் பாடமாகும். உறுப்புகள் எடுக்கப்பட்ட உடலையும், பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடலையும், சில தொற்றுநோய்களால் இறந்தவரின் உடலையும் கல்லூரிகள் பொதுவாக ஏற்பதில்லை. கண்களை மட்டும் தானம் செய்தால் தடையில்லை. அதனை இறந்த ஆறு மணி நேரத்திற்குள் செய்தல் வேண்டும்.

உயிருடன் இருக்கையில் உடற்கூறியல் துறையில் படிவம் பெற்று ஒப்பமிடலாம். ஆனால் இறுதியில் உடலை ஒப்படைப்பவர் நெருங்கிய உறவினரே. அவர்கள் மறுத்தால் படிவம் பயன் தராது. ஆகவே கையொப்பத்தைவிட முதன்மையானது வீட்டில் நிகழும் பேச்சு. தந்தையின் விருப்பத்தைப் பிள்ளைகள் முன்னரே அறிந்திருந்தால், துயர வேளையில் அவர்களுக்குள் பிணக்கு நேராது.

கொள்ளி வைக்காமல் எப்படி அனுப்புவது எனப் பலர் கலங்குவர். அக்கலக்கம் இயல்பானதே, அதற்காக எவரையும் நாங்கள் குறை கூறோம். உடலைக் கல்லூரிக்கு அளித்த பின்னரும் வீட்டில் படையலிடலாம். ஆடி, தை அமாவாசைகளில் சுருளி அருவிக்கரையில் தர்ப்பணமும் செய்யலாம். நினைவுகூர்தலுக்குச் சாம்பல் இன்றியமையாததன்று.

அடுத்தமுறை தங்கள் நாடியைப் பிடித்துப் பார்க்கும் இளம் மருத்துவரைக் காணும்போது, அவருக்கு முதற்பாடம் கற்பித்த, பெயர் அறியாத ஒருவரையும் எண்ணிக்கொள்ளுங்கள். நாம் குணமடைவதில் அவருக்கும் பங்குண்டு.