சிட்டி: எழுத்து ஒன்று, வேர் வேறு

ஆசிரியர்களே, உங்கள் வருகைப் பதிவேட்டில் 'சிட்டி' என்று முடியும் பெயர் இருக்கிறதா? பாயா ரும்புட் பக்கம் என் படிவம் 2 வகுப்பில் இருந்தது. கைப்பேசியில் தேடிப் பார்த்த ஒரு மாணவன், "சார், இது வெள்ளைக்காரன் பேராம்!" என்றான். அந்தப் பெயருக்குரிய மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். அன்று எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

அவன் சொன்னது பொய்யில்லை. இங்கிலாந்தில் இது அரிதான ஒரு குடும்பப்பெயர். தென்கிழக்கே சரே, சசெக்ஸ் பகுதிகளில் பழைய குடும்பங்கள் உண்டு. விலங்குக் குட்டியைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். சட்டம் படிப்பவர்கள் இன்றும் புரட்டும் 'சிட்டி ஆன் கான்ட்ராக்ட்ஸ்' நூலை 1826-இல் எழுதியவர் அப்படியொரு வெள்ளைக்காரர்தான், ஜோசப் சிட்டி.

ஆனால் மலாக்கா சிட்டிக்கு வேர் வேறு. சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழர்கள் இங்குள்ள பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். வணிகரைக் குறித்த 'செட்டி' என்ற சொல் ஐரோப்பியர் எழுத்தில் 'சிட்டி' ஆனது. இவர்கள் தலைவர் தெய்வநாயகம் சிட்டி, டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781-இல் கட்டியதுதான் பொய்யாத விநாயகர் கோயில். காஜா பேராங் கம்போங் செட்டியில் வீட்டுமொழி மலாய். கும்பிடுவது நம் சாமிதான்.

இலங்கையிலும் இதே கதை. 1859-இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டியின் பெயர், ஆங்கிலத்தில் 'காசி சிட்டி' என்றே அச்சானது.

வகுப்பில் என்ன செய்யலாம்? எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பாமல் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இது அப்பா பெயரா, தலைமுறை தலைமுறையாக வருகிற பெயரா? (நம்மில் பலருக்கு 'த/பெ'க்குப் பின் வருவது அப்பா பெயர்தான்.) குடும்பம் எந்த ஊர்? பழைய பத்திரத்தில், கல்லறையில் எப்படி எழுதியிருக்கிறது? பிள்ளை, நாயக்கர் போன்ற பெயர்களுக்கும் இது பொருந்தும். ஒன்று மட்டும் கவனம்: பேச்சு சாதிப் பக்கம் போகவிடாதீர்கள். இங்கே அது குடும்பப்பெயர், அவ்வளவுதான்.

மறுவாரம் இதை விளக்கி, 'செட்டி' என்று வெண்பலகையில் எழுதினேன். தமிழை இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அந்த மாணவி மெல்ல வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ எங்க வீட்ல ஒரு தமிழ் வார்த்தை இருந்துகிட்டேதான் இருந்துச்சா, சார்?"

இருந்தது. அதைப் பிழையில்லாமல் எழுதிக் காட்டுவது நம் வேலை.