தலையைச் சுற்றி ஒரு நாடா

குழந்தை மருத்துவரிடம் இருப்பதிலேயே மலிவான கருவி, தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அதே அளவு நாடாதான். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ.; ஒரு வயதில் 46 செ.மீ. உள்ளே மூளை பெருத்துத் தள்ளுவதால்தான் மண்டையோடு விரிகிறது. மாதங்கள் போயும் நாடாவில் எண் நகரவில்லையென்றால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

கூடவே, உட்காரப் பழகிய குழந்தை மறுபடி சாயும். வந்த மழலை நின்றுபோகும். கால்கள் இரண்டும் விறைக்கும். இதற்குக் காரணங்கள் பல. அரிதாக, தாயிடமிருந்து தொற்றிய எச்ஐவி தன்னை முதன்முதலில் காட்டிக்கொள்வதே இப்படித்தான்.

அது மூளைக்குள் போனது எப்படி? மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடுக்கில்லாமல் நெருங்கி நிற்கின்றன. இதற்குக் குருதி-மூளைத் தடுப்பு என்று பெயர். ஆனால் மோனோசைட் என்னும் வெள்ளணுக்கள் வீட்டு ஆட்கள். அவற்றுக்கு உள்ளே போக வழியுண்டு. வைரஸ் அவற்றுக்குள் பதுங்கியே உள்ளே போகிறது. போனதும் மூளையின் துப்புரவுப் பணியாளர்களான மைக்ரோகிளியா செல்களைப் பிடித்துக்கொள்கிறது.

விந்தை இனிமேல்தான். நினைக்கிற, பேசுகிற, கால் அசைக்கிற நரம்பணுக்களை எச்ஐவி தொற்றுவதே இல்லை எனலாம். அது நுழையப் பிடித்துக்கொள்ளும் சிடி4 என்னும் புரதக் கைப்பிடி அவற்றில் கிடையாது. இருந்தும் அவை சாகின்றன! பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்து நம் வீட்டுச் சுவர் ஊறி விழுகிற கதை. தொற்றிய செல்கள் வைரஸ் புரதங்களையும் அழற்சிப் பொருள்களையும் கசியவிடுகின்றன. நரம்பணுக்கள் தமக்குள் சேதி சொல்லப் பயன்படுத்தும் குளூட்டமேட், வடியாமல் தேங்குகிறது. அளவோடு இருந்தால் சேதி, மிஞ்சினால் நஞ்சு.

உறுதிசெய்வதிலும் ஒரு சிக்கல். வழக்கமான எச்ஐவி சோதனை தேடுவது வைரஸையல்ல, அதற்கு எதிராக உடல் செய்யும் ஆன்டிபாடியை. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே வந்து, 18 மாதம் வரைகூடக் குழந்தை இரத்தத்தில் சுற்றும். தொற்றே இல்லாத குழந்தைக்கும் 'உண்டு' என்று முடிவு வரலாம். ஆகவே குதிகாலில் குத்தி, காகித அட்டையில் உலர்த்திய சில சொட்டு இரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருளையே தேடுகிறார்கள்.

1988-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பிலிப் பிட்சோ குழுவினர், எச்ஐவி தொற்றிய 21 குழந்தைகளுக்கு, வைரஸை எதிர்க்கும் சிடோவுடின் மருந்தை இரவும் பகலும் நிற்காமல் இரத்தத்தில் செலுத்தினார்கள். மூளை பாதித்திருந்த 13 பேரும் தேறினார்கள். அறிவுத்திறன் மதிப்பெண்ணும் ஏறியது. மூளையில் ஒரு குறையும் தென்படாத இன்னும் ஐந்து பேருக்கும் அது ஏறியது. அவர்களிடம் எதுவோ குறைந்திருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.