குளத்து நீர் அமிலமானால் மீனுக்கு என்ன ஆகும்?

மாணவர்களே, மீன்கள் தாம் வாழும் நீரிலேயே கழிவையும் விடுகின்றன. அதிலிருந்து உண்டாகும் அம்மோனியா ஒரு நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன; வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன.

இவ்வேலையின்போது அமிலம் உண்டாகி, நீரின் பி.எச். மதிப்பு மெல்லக் குறைகிறது. பொந்தியான், பத்து பஹாட் போன்ற ஜொகூரின் மேற்குக் கரையோரங்களில் இன்னொரு காரணமும் உண்டு. அலையாத்திக் காடு இருந்த மண்ணைத் தோண்டினால், அதிலுள்ள பைரைட் காற்றுப்பட்டுக் கந்தக அமிலத்தை உண்டாக்கும். மழை அதைக் குளத்தில் சேர்க்கும்.

பி.எச். 6-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியாக்களின் வேலை மிகவும் மந்தமாகும், அம்மோனியா தேங்கும். ஆனாலும் மீன்கள் உடனே மடிவதில்லை. ஏன்? அமில நீரில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியம் அயனியாக இருக்கும்.

அவசரப்பட்டுச் சுண்ணாம்பைக் கொட்டினால்தான் ஆபத்து. பி.எச். ஓர் அலகு ஏறினால் நச்சு அம்மோனியா ஏறத்தாழ 10 மடங்காகும். 6-இலிருந்து 8-க்கு ஏறினால் 100 மடங்கு! பாக்டீரியாக்கள் மீள்வதற்குள் மீன்கள் மடியலாம்.

எனவே, முதலில் தீனியைக் குறைத்து, பிறகு சுண்ணாம்புக்கல் தூளைச் சிறிது சிறிதாக இட வேண்டும். உங்கள் வீட்டு மீன்தொட்டியிலும் நீரைச் சோதித்த பிறகே எதையும் சேருங்கள்.