ஒட்டு ரோஜா: ஒரு தொட்டியில் இரண்டு செடிகள்

நர்சரியில் விற்கும் ரோஜாச் செடிகளில் பெரும்பாலானவை இரண்டு செடிகளை இணைத்து உருவாக்கியவை. மண்ணுக்குள் இருக்கும் வேரும் அதையொட்டிய அடித்தண்டும் ஒரு வகை. அதற்கு மேலே கிளைத்துப் பூப்பது வேறொரு வகை. கீழே இருப்பதை வேர்ச்செடி என்றும், மேலே வளர்வதை ஒட்டுத்தண்டு என்றும் தோட்டக்கலைத் துறையினர் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்த இடம் தண்டின் அடியில் சற்றே புடைத்து முடிச்சாகத் தெரியும். வாங்கிய புதிதில் கொத்துக் கொத்தாகப் பூத்த செடி பிறகு ஏன் முள்ளும் இலையுமாகவே நிற்கிறது என்பதில் தொடங்கி, எவ்வளவு ஆழத்தில் நடுவது என்பது வரை, மாடித்தோட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் சந்தேகங்களில் பல இந்த முடிச்சைச் சுற்றியே வருகின்றன.

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் அநேகமாக எல்லாமே ஆண்டுக்கு ஒரு பருவம் பூத்து ஓய்ந்தவை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த ரோஜாக்களோ துளிர் விடும்போதெல்லாம் நுனியில் மொட்டு வைத்தன. பூப்பதைத் தடுத்துவைக்கும் மரபணு ஒன்று இந்த வகைகளில் செயலிழந்து கிடப்பதே இதற்குக் காரணம் என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரு கூட்டத்தையும் பலமுறை கலந்ததன் விளைவாக, 1867-இல் பிரான்சின் லியோன் நகர நர்சரிக்காரர் கியோ ‘லா பிரான்ஸ்’ என்ற ரோஜாவை வெளியிட்டார். நீண்ட காம்பில் ஒற்றைப் பெரிய பூவும், கூம்பிய மொட்டும், திரும்பத் திரும்பப் பூக்கும் குணமும் கொண்ட ‘ஹைபிரிட் டீ’ ரோஜாக்களில் அதையே முதலாவதாகச் சொல்வது வழக்கம். ஓசூர்ப் பசுமைக்குடில்களிலிருந்து வெட்டி அனுப்பப்படும் காம்பு ரோஜாக்கள் இந்தக் கால்வழியில் வந்தவை.

பூவின் அழகுக்காகவே தேர்ந்தெடுத்துக் கலந்த இந்த வகைகளில் பலவற்றுக்கு வேரில் பலம் போதாது. குச்சியை வெட்டி நட்டால் பிடிப்பதில்லை. பிடித்தாலும் சவலையாகவே நிற்கும். ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலும் தாங்கும் முரட்டு ரோஜா ஒன்றின் வேர் தேவைப்படுகிறது. இந்தியாவில் அதற்குப் பயன்படுபவற்றில் எட்வர்ட் ரோஜாவும் ஒன்று. தமிழ்நாட்டுப் பூக்கடைகளில் உதிரியாக நிறுத்து விற்கும், மணமுள்ள இளஞ்சிவப்பு ரோஜா அதுதான். சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து, இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் தோன்றிய போர்பன் வகுப்பைச் சேர்ந்தது அது. குச்சி நட்டாலே எளிதில் வேர்பிடிக்கும் என்பதால் அதை மட்டும் வளர்க்க விரும்புகிறவர்களுக்கு ஒட்டே வேண்டியதில்லை.

ரோஜாவில் ஒட்டுக்கட்ட வழக்கமாகச் செய்வது ‘டி’ வடிவ மொட்டு ஒட்டு. வேர்ச்செடியின் பென்சில் பருமனுள்ள தண்டில், மண்ணுக்குச் சற்று மேலே, பட்டையில் குறுக்காக ஒரு கீறலும் அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஓர் அங்குலத்துக்கு இன்னொரு கீறலும் போடுவார்கள். கத்தி பட்டையோடு நின்றுவிட வேண்டும். கட்டையில் இறங்கக் கூடாது. கத்தியின் மொண்ணை முனையால் ஓரங்களை நெம்பினால் பட்டை இருபுறமும் கதவுபோலத் திறந்துகொள்ளும். உள்ளே ஈரமாக, வழவழவென்று தெரியும் இடத்தில்தான் புதுச் செல்களை உண்டாக்கும் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. பட்டை உரிய மறுத்தால் செடியில் நீரோட்டம் இல்லை என்று பொருள். அன்று ஒட்டுவது வீண்வேலை.

அடுத்து, வேண்டிய வகையில் அண்மையில் பூத்து முடிந்த கிளை ஒன்றை எடுக்க வேண்டும். அதன் முட்களைப் பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளினாலே உதிர்ந்துவிடும். ரோஜா முள் மேல்தோலின் புடைப்பேயன்றிக் கட்டைக்குள் வேரூன்றியதல்ல. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் இருக்கும் கண்ணைக் கேடய வடிவில் பட்டையோடு சீவி எடுப்பார்கள். இலையைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் பிடிக்கு விட்டுவைப்பது வழக்கம். கீறலுக்குள் கண்ணை மேலிருந்து செருகி, கண் மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். ஒட்டு பிடித்ததா என்பதை அந்தக் காம்பே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் விரல் பட்டதும் அது உதிர்ந்து, கண் பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. சுருங்கிக் காய்ந்து உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கண் செத்துவிட்டது. பிடித்த கண் துளிர்க்கத் தொடங்கியதும், அதற்கு மேலே உள்ள வேர்ச்செடியின் தண்டை வெட்டி எறிந்துவிடலாம்.

வீட்டில் நடும்போது முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலமாவது தெரிய வேண்டும். பனி உறையும் நாடுகளில் குளிருக்குப் பயந்து அதை மண்ணுக்குள் புதைக்கிறார்கள். அங்கிருந்து வரும் புத்தகங்களைப் பார்த்து நம் ஊரில் அப்படிச் செய்தால் ஒட்டுப் பகுதி ஈரத்தில் அழுகும். சில செடிகளின் வேர் இறுகிய களிமண் உருண்டைக்குள் வரும். அதை அப்படியே தொட்டியில் இறக்கினால் ஊற்றும் நீர் உருண்டையைச் சுற்றி வழிந்தோடி, நடுவேர் காய்ந்தே கிடக்கும். உருண்டையைச் சிறிது நேரம் தண்ணீரில் வைத்து, வேர் அறுபடாமல் ஓரக் களிமண்ணைக் கரைத்துவிட்டு நடுவது நல்லது.

முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர் வேர்ச்செடிக்குச் சொந்தமானது. வாளிப்பாக, வேகமாக மேலேறும் அதைப் புதுக்கிளை என்று நம்பி விட்டுவைப்பவர்கள் ஏராளம். வேர் உறிஞ்சும் சத்தெல்லாம் அங்கே போவதால் ஒட்டுப் பகுதி மெலிந்து, கடைசியில் பட்டுப்போகும். வாங்கிய சிவப்பு ரோஜா வேறு பூவாக மாறிவிட்டது என்ற புகாரின் பின்னணி இதுதான். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக்கிளை, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று பரவலாகச் சொல்லப்படும் அடையாளத்தை நம்பி வெட்டக் கூடாது. நல்ல வகைகள் பலவற்றிலும் ஏழு சிற்றிலைகள் வரும். கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று மண்ணை விலக்கிப் பார்ப்பதே நம்பகமான வழி. கண்டதும் அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். கத்தரித்தால் மிச்சமிருக்கும் கட்டையிலிருந்து இரண்டாகத் துளிர்க்கும்.

சமவெளியில் கவாத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏற்ற காலம். காய்ந்த, நோயுற்ற, உரசிக்கொள்ளும் கிளைகளை நீக்கிவிட்டு, மற்றவற்றை வெளிப்புறம் பார்த்த கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டினால், சுமார் ஆறேழு வாரத்தில் பூ வரும். கவாத்தைவிட அடிக்கடி செய்ய வேண்டியது வாடிய பூவை நீக்குவது. இதழ் உதிர்ந்த பூவை விட்டுவைத்தால் காய் பிடிக்கும். காய் முற்றும்வரை அடுத்த துளிர் தாமதமாகும். பூவை மட்டும் கிள்ளாமல், கீழே முதல் ஐந்து சிற்றிலை உள்ள இலைவரை சேர்த்து வெட்டினால் பருமனான துளிர் கிடைக்கும்.

நாளுக்கு ஆறு மணி நேர வெயிலும் வேர் ஊறிக் கிடக்காத வடிகாலும் இருந்தால் ரோஜா பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதற்கு ஒவ்வாதது உப்புநீர். போர்வெல் நீரே ஊற்றும் தொட்டிகளில் மண் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. நரம்பு பச்சையாக இருக்க, இளந்தளிர் மட்டும் மஞ்சளாவது அதன் அறிகுறி. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவாகவோ அளவுக்கு மீறிய தண்ணீராகவோ இருக்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல்தான் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். முட்டை ஓடு சுண்ணாம்பு. ஏற்கெனவே காரமான மண்ணில் அதனால் பயனில்லை. எலும்பு உரத்தின் மணிச்சத்தும் அத்தகைய மண்ணில் கரையாமல் கிடக்கும். டீத்தூளைப் பால், சர்க்கரை போகக் கழுவிப் போட்டால் தீங்கில்லை, உரமாகப் பெரிதாக எண்ணவும் வேண்டாம். தொழு உரமும், ஊறவைத்துத் தெளித்த கடலைப் புண்ணாக்கு நீரும் சமையலறைக் கழிவுகளைவிட நிச்சயமானவை.

இடத்துக்கேற்ற வகையைத் தேர்வதும் பாதி வேலை. 1995-இல் தொடங்கி, 2006-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பிடம் விருது பெற்ற ஊட்டி ரோஜாத் தோட்டத்தில் பார்த்த பூ சென்னை மாடியில் அதே அளவில் மலராது. கோடையில் பூ சிறுத்து, நிறம் வெளுப்பது இயல்பு. வெப்பத்தைத் தாங்கும் ரோஜாக்களுக்காக, கங்கைச் சமவெளி ஈரநிலத்து ரோசா கிளைனோஃபில்லாவையும் மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியாவையும் கலப்பில் பயன்படுத்தினார் கொடைக்கானலின் எம்.எஸ். வீரராகவன்.

நோய்களில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். இலையில் ஓரம் சிதறிய கரும்புள்ளி விழுந்து, சுற்றிலும் மஞ்சளானால் அது கரும்புள்ளி நோய். அதன் பூசண வித்து முளைக்க இலை பல மணி நேரம் நனைந்திருக்க வேண்டும் என்பதால், காலையில் வேர்ப்பகுதியில் மட்டும் நீர் ஊற்றுவதே முதல் மருந்து. தளிரில் வெண்பொடி படரும் சாம்பல் நோய்க்கு நேர்மாறாக இலை நனைய வேண்டியதே இல்லை. பகல் வறண்டு இரவு குளிரும் நாட்களில் அது பெருகும். மொட்டு விரியாமல் ஓரம் கருகினால் இலைப்பேனையும், இலையடியில் நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தியையும் தேட வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் இலையின் அடிப்பக்கம் படத் தெளிப்பது தொடக்கநிலையில் போதும். இலை ஓரத்தில் கத்தரித்தாற்போல் துல்லியமான அரைவட்டங்கள் காணப்பட்டால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. முட்டையிடும் அறைகளுக்கு உறை போட அது இலைத்துண்டைக் கொண்டுபோகிறது. செடிக்கு அதனால் பாதிப்பில்லை, மருந்தடிக்கவும் வேண்டியதில்லை.