தொடக்கப் பள்ளியில் பாட்டு: பிள்ளையை நிறுத்திவிடலாமா?

கொட்டாம்பட்டியில் ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு தந்தை கேட்டார்: "ஹஜ்ரத், ஒண்ணாம் வகுப்புல எப்பப் பார்த்தாலும் பாட்டாத்தான் சொல்லித் தர்றாங்க. அந்த நேரத்துல பாப்பாவ விட்டுருங்கன்னு டீச்சர்ட்ட சொல்லிரவா?"

மார்க்கப் பேணுதலில் எழுந்த கேள்வி இது. நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், வகுப்பில் நடப்பது என்ன? கொரோனா காலத்துக் கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2022-இல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கியது. பாட்டு, கதை, விளையாட்டு வழியே எழுத்தையும் எண்ணையும் கற்பிப்பதே அதன் முறை. அங்கே பாட்டு தனிப் பாடமல்ல. பாடம் நடத்தும் வழி. அந்த நேரத்தில் பிள்ளையை நிறுத்தினால், அவள் இழப்பது பாட்டை அல்ல, வாசிப்பை.

பாட்டு ஏன் உதவுகிறது? 'கல்', 'கால்' என்ற சொற்களைப் பாருங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இந்த வேறுபாட்டை ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளக்கிச் சொன்னால் புரியாது. இழுத்துப் பாடினால் காதே பிரித்துக்கொள்ளும். மக்தபில் உஸ்தாத் செய்வதும் இதுதானே! மத்து எழுத்தை இரண்டு ஹரகத் அளவு நீட்டி ஓதிக் காட்டுகிறார். பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்கிறார்கள்.

அடுத்து, மார்க்கம் என்ன சொல்கிறது? நரம்பு, காற்று இசைக் கருவிகள் கூடாது என்பதே நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. இமாம் இப்னு ஹஸ்ம் இதில் மாறுபட்டார். ஆனால் கருவி இல்லாமல், நல்ல பொருளுள்ள பாட்டைப் பாடுவதைப் பொதுவாக அறிஞர்கள் தடுக்கவில்லை. அகழ் தோண்டும்போது ஸஹாபாக்களுடன் நபி (ஸல்) அவர்களும் கவிதை பாடியதாகவும், பெருநாளில் ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் சிறுமியர் பாடியதை நபியவர்கள் அனுமதித்ததாகவும் புகாரியில் பதிவாகியுள்ளது.

அப்படியானால் கவலைப்பட எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்குப் பிஞ்சுகளை ஆடவைப்பதை நாம் தாராளமாக மறுக்கலாம். அதற்கு வழியும் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. கூட்டத்துக்குப் போய் நம் கருத்தைப் பணிவாகச் சொல்வோம். மாற்றாக நல்ல பாடல்களையும் எடுத்துக் கொடுப்போம். பாரதியின் குழந்தைப் பாடல்களும் கவிமணியின் பாடல்களும் இருக்கின்றனவே!

அந்தத் தந்தையிடம் சொன்னதும் இதுதான்: "பாப்பாவ நிறுத்தாதீங்க. இன்னிக்கு என்ன பாட்டுன்னு ராத்திரி அவகிட்டயே பாடச் சொல்லிக் கேளுங்க." எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை அப்போது நாமே அறிந்துகொள்ளலாம்.

அல்லாஹ் நன்கறிந்தவன்.