மட்டக்களப்பு விதைக்கடையில் நாங்கள் கண்டதும் கேட்டதும்

நுவரெலியா வழியாகப் பதுளைக்கு வரும் ஏ5 பாதை பதுளையோடு முடிந்துவிடுவதில்லை. பிபிலை, மஹா ஓயா என்று இறங்கி, கரடியனாற்றைத் தாண்டி, மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியில் போய்த்தான் முடிகிறது. நமது தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பக்கம் உறவு உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையை விட்டு வடக்கு, கிழக்குக்குப் போய்க் குடியேறியவர்களும் உண்டு. வாழ்க்கைப்பட்டுப் போனவர்களும் உண்டு. அப்படி வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு சகோதரியின் வீட்டில்தான் நாங்கள் சில நாட்கள் தங்கினோம். ஊவாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். இப்போது படுவான்கரையில் வீட்டு வளவிலே மிளகாய், கத்தரி, பயிற்றை போட்டுச் சந்தைக்குக் கொடுக்கிறார்.

நாங்கள் போனது வேறு அலுவலாக. ஆனால் அவர் சொன்ன விதைக்கடைக் கதையைக் கேட்ட பிறகு, இதை நமது தோட்டத்து மக்களுக்கும் எழுத வேண்டுமென்று தோன்றியது. ஏனென்றால் லயத்துக்கு முன்னும் பின்னும் உள்ள துண்டு நிலத்தில் விதை போட்டு முளைக்காமல் போனால், நாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “நமக்குக் கைராசி இல்லை.” பாதி நேரம் குற்றம் கையிலே இல்லை, பக்கற்றிலே இருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல் நிலம் எழுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம். வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக உள்ளது படுவான்கரை. சூரியன் படுகிற பக்கம். கடை, பட்டணம், ஆஸ்பத்திரி எல்லாம் பெரும்பாலும் எழுவான்கரையில். படுவான்கரை ஆட்களில் பலர் ஒரு பக்கற் விதை வாங்குவதானாலும் வாவியைக் கடக்க வேண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் அந்த இடத்தில் பாதை எனப்படும் மிதவையில் ஏறித்தான் போய் வந்தார்கள். வாங்கிய சாமான் பிழையென்றால் அதைத் திருப்பிக் கொடுக்கப் போவது ஒரு நாள் வேலை. நமக்கும் அப்படித்தானே? டவுனுக்குப் போய் வந்தால் ஒரு பேர் போய்விடுகிறது.

இனிச் சகோதரியின் கதை. அங்கே பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை பெய்யும். மழைக்கு முந்திய வாரங்களில் விதைக்கடை, பசளைக்கடை எல்லாம் திருவிழாக் கூட்டமாக இருக்குமாம். அந்தக் கூட்டத்தில் அவர் ஒரு கடையில் மிளகாய் விதை கேட்டிருக்கிறார். கடைக்காரர் பெரிய ரின்னைத் திறந்து, கரண்டியால் அள்ளி, பேப்பரில் சுருட்டிக் கொடுத்தார். பக்கற்றை விட விலை குறைவு. சிட்டை கேட்கவில்லை, அவரும் தரவில்லை.

வீட்டுக்கு வந்து மேடை போட்டு, மழைக்குப் பொலித்தீன் கூரை கட்டி விதைத்தார். மிளகாய் விதை நல்லதானால் ஒரு வாரம் பத்து நாளில் தலை காட்டும். பதினைந்து நாளாகியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. மாமியார் கைராசியைச் சொன்னார். கணவர் எறும்பைச் சொன்னார். இவர் கடைக்கே திரும்பிப் போனார்.

“எங்கட கடையில எடுத்ததெண்டதுக்கு என்ன அத்தாட்சி, மகள்?” என்று கேட்டாராம் கடைக்காரர். கோபமாகக்கூட இல்லையாம், சிரித்துக்கொண்டுதான் கேட்டாராம். அதற்கு இவரிடம் பதில் இல்லை. திரும்பவும் விதை தேடி, மேடை போட்டு, நாற்று எடுக்க ஒரு மாதம் பிந்திவிட்டது. பிந்திய மிளகாய் காய்க்கத் தொடங்குகிற நேரம் ஊரெல்லாம் மிளகாய், விலை இறங்கிவிட்டது. விதையில் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபா. போனது ஒரு போகத்து வருமானம்.

அந்த விதை ஏன் முளைக்கவில்லை? அது கள்ள விதையாக இருக்க வேண்டுமென்றில்லை. விதை உயிருள்ள பொருள், மூச்சு விடுகிறது. வெக்கையும் ஈரமும் கூடிய இடத்தில் அதன் உயிர் சீக்கிரம் தேய்ந்து போகும். விதைக்குள் இருக்கும் ஈரம் நூற்றுக்கு 1 குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைச் சாஸ்திரத்தில் பழைய கணக்கு. வாவிக் கரையில், நாளுக்குப் பத்துத் தடவை மூடி திறக்கும் ரின்னில் அந்த விதை எத்தனை மாதம் கிடந்ததோ! மலையிலே வெக்கை இல்லையென்று நாம் நினைக்கலாம். மலையிலே மழையும் மூட்டமும் இருக்கிறதே. அடுப்புக்கு மேலே சாக்கில் கட்டித் தொங்கவிடுவதும் சரியில்லை. பகலில் சூடு, இரவில் ஈரம். நன்றாகக் காய்ந்த போத்தலில் போட்டு, இறுக மூடி, குளிர்ச்சியான இருட்டு மூலையில் வைப்பதே நல்லது. அதுவும் லீக்ஸ், வெங்காய விதைகள் ஒரு வருடத்துக்கு மேல் நம்பக்கூடியவை அல்ல. தக்காளி, வெள்ளரி அதைவிடத் தாங்கும்.

அடுத்த வருடம் சகோதரி வேறு கடைக்குப் போனார். எங்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சின்னக் கடைதான். வாசலில் மண்வெட்டி, நீர்க்குழாய்ச் சுருள், நாற்றுத் தட்டு. உள்ளே கண்ணாடி அலுமாரியில் விதைப் பக்கற்றுகள். வெயில் படாத பக்கமாக அலுமாரியை வைத்திருந்ததைக் கவனித்தோம். கடைக்கார ஐயா விதையை எடுப்பதற்கு முன்னே கேள்வி கேட்கத் தொடங்கினார். “எந்த மண்ணுக்கு, மகள்? கரைப் பக்கமோ, வயல் பக்கமோ? கிணத்துத் தண்ணி உப்போ? போன வருசம் அதே இடத்தில என்ன போட்ட நீங்க?” போன வருடமும் மிளகாய்தான் என்றதும், “அப்ப இந்தமுறை அந்தத் துண்டில பயிற்றை போடுங்க, மிளகாய இடம் மாத்துங்க. மறுகா வாடல் வந்திட்டுதெண்டு என்னோட சண்டைக்கு வரக்கூடாது” என்றார். கத்தரி, மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வந்த வாடல் நோய் மண்ணிலே கிடந்து மற்றதையும் பிடிக்கும். விற்கிற மனிதர் விற்பனையைக் குறைத்துப் பேசுவது அபூர்வம். எங்களுக்கு அந்த ஐயாவைப் பிடித்துவிட்டது.

பக்கற்றிலே பார்க்க வேண்டியதை அவரே விரலால் தொட்டுக் காட்டினார். இனத்தின் பெயர், முளைதிறன் நூற்றுக்கு எத்தனை, பரிசோதித்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், நிறை. திகதிக்கு மேல் ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கற் வேண்டாம். இனத்தின் பெயரும் முக்கியம். விவசாயத் திணைக்களத்து எம்.ஐ. 2, கே.ஏ. 2 போன்ற மிளகாய் இனங்களில் நல்ல செடியிலிருந்து விதை எடுத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். எஃப்1 என்று போட்டிருந்தால் அது கலப்பு விதை. விளைச்சல் கூடத் தரும். ஆனால் அதிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. ஒவ்வொரு முறையும் கடைக்குத்தான் போக வேண்டும். இது குற்றமில்லை, தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருந்தால் மருந்து தடவியது என்று பொருள். பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. மிஞ்சியதைச் சமைக்கவோ கோழிக்குப் போடவோ கூடாது.

பக்கற்றை நம்ப மனமில்லையா? ஈரத் துணியில் 20 விதையை வரிசையாக வைத்துச் சுருட்டி, காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் 16 முளைத்தால் நூற்றுக்கு 80. பத்துக்கும் குறைந்தால் மேடை போட்டு மினக்கெட வேண்டாம், சிட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பசளைக்கு வருவோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் அந்தத் தடையை நீக்கினார்கள். அந்த ஆறு மாதம் செய்த சேதம் தேயிலைக் கொழுந்திலும் தெரிந்தது, மட்டக்களப்பு வயலிலும் தெரிந்தது. 2005 இலிருந்து பல வருடம் நெல் விவசாயிக்கு 350 ரூபா மானிய விலையில் கிடைத்த 50 கிலோ யூரியா, 2022 யூலையில் அரசாங்க விலையிலேயே 10,000 ரூபா. வெளியிலே அதற்கும் மேலே. மூட்டையாக வாங்க முடியாதவர்கள் கிலோக் கணக்கில் உதிரியாக வாங்கத் தொடங்கினார்கள். உதிரி என்றால் எதைக் கலந்தாலும் தெரியாது.

யூரியாவுக்கு ஒரு சின்னப் பரீட்சை உண்டு. ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்குங்கள். நல்ல யூரியா முழுதாகக் கரைந்துவிடும். தம்ளரைப் பிடித்த கைக்கு ஜில்லென்று குளிரும். அடியிலே மணலோ மாவோ தங்கினால் அது வேறு சங்கதி. கட்டி தட்டிய யூரியா கெட்டதல்ல, ஈரம் குடித்தது. ஆனால் நீங்கள் தண்ணீரையும் சேர்த்து நிறுத்து வாங்குகிறீர்கள். எழுவான்கரை மணலில் பசளையை மொத்தமாகப் போட்டால் அடுத்த மழையோடு கீழே போய்விடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நாலு தடவை போடுகிறார்கள். நமது சரிவு நிலத்திலும் அதுதான் சரி. டொலமைட் போட்ட கையோடு யூரியா போட வேண்டாம், சத்து காற்றோடு போய்விடும். இரண்டு மூன்று கிழமை இடைவெளி விடுங்கள்.

கிருமிநாசினி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறோம். இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரர் ஒரு போத்தலை எடுத்து நீட்டுவார். அதற்கு முன் என்ன பூச்சி, என்ன நோய் என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்பது நல்லது. திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கம் இதற்காகவே உள்ளது. நாம் மேலே சொன்ன ஐயாகூட மிளகாய் இலை சுருளுக்கு உடனே மருந்து கொடுக்கவில்லை. “இலைக்குக் கீழ பாத்தீங்களா? மேல சுருண்டிருக்கா, கீழ சுருண்டிருக்கா?” என்றுதான் கேட்டார். மேலே சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழே சுருண்டால் பெரும்பாலும் சிற்றுண்ணி. ஒன்றுக்கு அடிக்கும் மருந்து மற்றதைக் கொல்லாது.

1980 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிச் சட்டப்படி பதிவு செய்யாத மருந்தை விற்க முடியாது. லேபலில் தமிழும் இருக்க வேண்டும், பதிவு இலக்கம் இருக்க வேண்டும். அடியில் உள்ள நிறப் பட்டையைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. அடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும். சாராயப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றித் தருவதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நமது தோட்டங்களில் ஒரு காலத்தில் புல்லுக்கு அடித்த பரகுவாட்டை 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாக நிறுத்தினார்கள். அதையும் அதுபோன்ற கொடிய மருந்துகளையும் நிறுத்திய பிறகு இந்த நாட்டில் மருந்து குடித்துச் செத்தவர்கள் தொகை வெகுவாகக் குறைந்தது. லயத்துக் காம்பராவில் கோபம் வந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் போத்தல் இருக்கக் கூடாது. பூட்டு வாங்கக் காசில்லையென்றால் மருந்தும் வாங்க வேண்டாம்.

சிட்டைக்குத் திரும்பி வருவோம். கேட்டால் சிட்டை தர வேண்டியது வியாபாரியின் கடமை. 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் அது இருக்கிறது. விலையைக் கடையில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. தர மறுத்தால் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். சிட்டையில் வெறுமனே “விதை” என்று எழுதினால் போதாது; இனமும் தொகுதி இலக்கமும் எழுதச் சொல்லுங்கள். பக்கற்றையும் கிழித்தெறியாமல், சிட்டையோடு சேர்த்து அறுவடை வரை வையுங்கள். சகோதரி எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் கடைக்காரர்கள் இவரைக் கண்டால் சிட்டைப் புத்தகத்தை முதலில் எடுத்து வைக்கிறார்களாம்.

நாங்கள் புறப்படும் நாளில் தோட்டத்திலுள்ள அண்ணனுக்கென்று ஒட்டுமாங்கன்று ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். நாங்கள் வேண்டாமென்று தடுத்தோம். வாவிக்கரையில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் மா, 4000 அடிக்கு மேலே குளிரில் வளரும், காய்ப்பது அரிது. வெண்டியும் பயிற்றையும் அப்படித்தான், மேலே போகப் போக மந்தம். அப்படியானால் ஏழு வருடத்துக்கு முன்னே கொடுத்தனுப்பிய கன்று என்னவாயிற்று என்று கேட்டார். அதை நாங்கள் அண்ணன் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறோம். நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது. கொடி கட்டித் துணி காயப் போடுகிறார்கள்.