மின்பாதை – 14: கடலடியில் நேரோட்டம்

சிறுபோகத்துக்காக உன்னிச்சைக் குளத்தின் துருசைத் திறந்த முதல் நாள், கடைசி வயல்காரர் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் காத்து நின்றாலும் தண்ணீர் அவர் காலடிக்கு வந்துசேராது. வெடித்துக் கிடக்கும் வாய்க்கால் மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். மண் நனைந்து, வாய்க்கால் நிறைந்த பிறகுதான் கீழ்வட்டைக்குத் தண்ணீர் ஓடும். எந்த வட்டவிதானைக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத கணக்கு இது.

அதே வாய்க்கால் ஒரு செக்கனுக்கு நூறு தடவை நிரம்பி, நூறு தடவை குளத்துக்கே வடிந்தால் எப்படி இருக்கும்? துருசை முழுதாகத் திறந்தாலும் கடைசி வயலுக்கு எஞ்சுவது கொஞ்சம்தான். கடலடிக் கேபிளுக்குள், திசை மாறிமாறிப் பாயும் ஆடலோட்டம் படும் பாடு இதுதான்.

கேபிளின் நடுவில் உலோகக் கம்பி, அதைச் சுற்றிக் காவலி, அதற்கும் வெளியே உலோக உறை. இந்த அமைப்பே ஒரு நீண்ட கொள்ளளவி. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதாவது செக்கனுக்கு நூறு முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கேபிள் மின்னேற்றம் பெற்று, அதை இழந்து, மறுபடி பெறுகிறது. நீளம் கூடக்கூட இந்த வீண் ஓட்டம் பெருகி, ஐம்பது, அறுபது கிலோமீற்றரைத் தாண்டும்போது கம்பியின் கொள்திறனில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும். திசை மாறாத நேரோட்டத்தில் கேபிள் ஒரே ஒரு முறைதான் நிரம்ப வேண்டும். அதன்பின் அனுப்பியது போய்ச் சேரும்.

அப்படியானால் ஊரெல்லாம் ஏன் ஆடலோட்டம்? ட்ரான்ஸ்போமர்தான் காரணம். 1891இல் ஜெர்மனியின் லாவ்ஃபனிலிருந்து பிராங்பேர்ட்டுக்கு 175 கிலோமீற்றர் தூரம் ஆடலோட்டம் போனபோதே எடிசனின் நேரோட்டம் தோற்றுவிட்டது. அழுத்தத்தை மலிவாக ஏற்றவும் இறக்கவும் அன்று நேரோட்டத்துக்கு வழி இருக்கவில்லை.

வழி கடலில்தான் பிறந்தது. 1954இல் சுவீடன் தன் கொட்லாந்து தீவுக்கு, நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரம், 20 மெகாவாட்டை நேரோட்டமாக அனுப்பியது. ஆடலோட்டத்தை நேராக்கியவை பாதரச வால்வுகள். இன்று அந்த வேலையைக் குறைகடத்திகள் செய்கின்றன. அளவும் எங்கோ போய்விட்டது: சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில், சுமார் 1,765 கிலோமீற்றர் தூரத்துக்கு, 6,000 மெகாவாட் வரை கொண்டுவரும் பாதை உண்டு. தரையிலே பொதுவாகப் பல நூறு கிலோமீற்றர் நீளம் இருந்தால்தான் இரு முனைகளிலும் மாற்று நிலையங்கள் கட்டும் பெருஞ்செலவு கட்டுப்படியாகும். கொங்கு விவசாயிகள் தங்கள் தோட்டங்களில் எழும் கோபுரங்களை எதிர்த்துப் போராடியதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அவர்கள் தலையில் விழும் செலவு பொறியியல் கணக்கில் ஏறுவதில்லை.

இப்போது பாக்கு நீரிணைக்கு வருவோம். இந்தியாவையும் இலங்கையையும் மின்கம்பியால் இணைக்கும் பேச்சு 2010இலேயே உடன்படிக்கையாகி, ஆய்வுகளுக்குள் அடங்கிக் கிடந்தது. 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் மீண்டும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதிலும் நேரோட்டம்தான். கடல் மட்டும் காரணமல்ல. ஆடலோட்டத்தால் இணைத்தால் இரண்டு வலைகளும் ஒரே தாளத்தில் துடிக்க வேண்டும். ஒன்றின் தடுமாற்றம் மற்றதிலும் பரவும். நேரோட்ட இணைப்பு துருசுக் கதவைப் போன்றது. எவ்வளவு விட வேண்டும், எந்தப் பக்கம் விட வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டதால் என்று அமைச்சர் சொன்ன ஒரு கோளாறு, தீவு முழுவதிலும் மின்சாரத்தை நிறுத்தியது. ஞாயிற்றுக்கிழமைத் தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரமோ அதிகம்; ஆகவே வலையைத் தாங்கும் பெரிய சுழலிகள் குறைவாகவே ஓடின. அந்த நேரத்தில் வலை எவ்வளவு மெலிந்து நின்றது என்பது நாட்டுக்கே தெரிந்தது. இந்த மெலிந்த வலையில்தான் இந்திய இணைப்பு வந்து சேரப்போகிறது. முதலில் பேசப்பட்ட 500 மெகாவாட் என்பதே நுரைச்சோலை மின் நிலையத்தின் 300 மெகாவாட் அலகு ஒன்றைவிடப் பெரியது. அது ஒரே கணத்தில் அறுந்தால் தாங்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே எந்த வகை நேரோட்டம் என்ற கேள்வி முக்கியமானது. தைரிஸ்டர் என்ற குறைகடத்தியைக் கொண்ட பழைய வகை நிலையங்கள் சார்ந்து நிற்க வலுவான வலை வேண்டும். புகளூரிலிருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட்டில் 2021இல் திறக்கப்பட்ட பாதையோ புதிய வகை. அது தானே தாளம் உண்டாக்கும். முற்றாக இருண்ட வலையையும் எழுப்ப உதவும். செலவு கூடுதல்தான். ஆனாலும் இலங்கையின் நிலைமைக்கு அதுவே பொருந்தும்.

சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு அதே 2025 ஏப்ரலில் தொடக்கவிழா நடந்தது. கிழக்கின் வெயில் ஒருநாள் இந்தக் கேபிள் வழியே வடக்கே போகவும் கூடும். அரசு கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்னர், எந்த வகை நிலையம், எத்தனை கேபிள், அறுந்தால் மாற்று ஏற்பாடு என்ன என்ற மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். மட்டக்களப்பு வாசகர்களே, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இதை இப்போதே கேளுங்கள்.

(தொடரும்)